நூறு டிகிரி வெயில், நூறு டிகிரி காய்ச்சல்: நாம ஏன் இன்னும் ஃபாரன்ஹீட்டை விடல?

#நீண்டபதிவு #மருத்துவவரலாறு

1/
சித்திரை பிறந்தா போதும். டிவில கீழே ஓடற வரியில "வெயில் சதம் அடித்தது"ன்னு வந்துடும். மறுநாள் பேப்பர்ல பட்டியல் போடுவாங்க. வேலூர், திருத்தணி, மதுரை, மீனம்பாக்கம்னு எந்தெந்த ஊர் சதம் அடிச்சதுன்னு கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி இருக்கும்.

இந்தச் சதம் ஃபாரன்ஹீட் கணக்கு. ஆனா இந்திய வானிலை ஆய்வு மையம் தர்ற அறிக்கை செல்சியஸ்ல இருக்கு. அவங்க 37.8னு தர்றதைத்தான் நம்ம ஊர் செய்தியாளர்கள் 100னு மாத்திப் போடறாங்க.

2/
உங்க கையில இருக்கிற போன்ல ஆவடி வெயில் 38னு காட்டுது. டிவில 100.4ங்கறாங்க. ரெண்டும் ஒரே சூடு.

வீட்டுல குழந்தைக்குக் காய்ச்சல்னா "நூத்தி ரெண்டு இருக்கு டாக்டர்"னு சொல்றீங்க. அதே ஆரம்ப சுகாதார நிலையத்துல தடுப்பூசி வைக்கிற ஃப்ரிட்ஜ் கதவுல "+2 முதல் +8 வரை"ன்னு ஒட்டியிருக்கும். அது செல்சியஸ்.

ஒரே அறைக்குள்ள ரெண்டு அளவுகோல். எப்படி இப்படி ஆச்சு? இதுல ஏதாவது ஆபத்து இருக்கா? இருக்கு. வாங்க பார்க்கலாம்.

3/
அம்பத்தூர் எஸ்டேட்ல ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்ல வேலை பார்க்கிற தம்பிகள் எங்க ஓ.பி.க்கு வருவாங்க. அவங்ககிட்ட ஃபர்னஸ் எவ்வளவுன்னு கேட்டா "850 சார்"னு செல்சியஸ்ல பதில் வரும். உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டா "நூத்தி ஒன்னு சார்"னு ஃபாரன்ஹீட்ல வரும்.

இரும்புக்கு ஒரு கணக்கு, உடம்புக்கு ஒரு கணக்கு. ரெண்டையும் குழப்பாம வச்சிருக்காங்க. இந்தத் திறமைக்குப் பின்னால 300 வருஷ வரலாறு இருக்கு.

4/
முதல்ல ஃபாரன்ஹீட் யாருன்னு பார்த்துடுவோம்.

டேனியல் கேப்ரியல் ஃபாரன்ஹீட் 1686-ல் டான்சிக் நகரத்துல பிறந்தவர் (இன்னைக்கு அது போலந்துல இருக்கிற கதான்ஸ்க்). 1701-ல் அப்பா, அம்மா ரெண்டு பேரும் ஒரே நாள்ல இறந்துட்டாங்க. விஷக்காளான் சாப்பிட்டதுதான் காரணம்னு சொல்றாங்க. பையனை வியாபாரம் கத்துக்க ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பினாங்க. அவருக்கு மனசு போனது கண்ணாடிக் கருவிகள் மேல.

5/
அந்தக் காலத்துல தெர்மாமீட்டர் இல்லாம இல்லை. ஆனா ஆளுக்கொரு அளவு. ஒரு ஊர் கருவி காட்டற எண்ணை இன்னொரு ஊர் கருவியோட ஒப்பிடவே முடியாது. கடைக்குக் கடை படி வேறயா இருந்தா அரிசி எப்படி வாங்குவீங்க? அந்த நிலைமைதான்.

ஃபாரன்ஹீட் செஞ்ச பெரிய சாதனை இதுதான்: அவர் செஞ்ச ரெண்டு தெர்மாமீட்டர் ஒரே இடத்துல ஒரே எண்ணைக் காட்டுச்சு. 1714 வாக்குல சாராயத்தை விட்டுட்டுப் பாதரசத்துக்கு மாறினார். 1724-ல் தன்னோட அளவுகோலை லண்டன் ராயல் சொசைட்டி இதழ்ல வெளியிட்டார்.

6/
அவர் எடுத்துக்கிட்ட மூணு புள்ளிகள்:

• ஐஸ், தண்ணீர், நவச்சார உப்பு கலந்த கலவை = 0
• ஐஸும் தண்ணீரும் = 32
• ஆரோக்கியமான மனுஷனோட வாய் அல்லது அக்குள் = 96

32, 96ன்னு ஏன் இந்த வினோத எண்கள்? ரெண்டுக்கும் நடுவுல 64 பாகம் வருது. 64-ஐ பாதி, பாதியோட பாதின்னு ஆறு தடவை பிரிச்சா ஒவ்வொரு கோடும் வந்துடும். கண்ணாடிக் குழாய்ல கோடு போடற கைவினைஞனுக்கு இது வசதி. அதுக்கு முன்னாடி 1708-ல் கோபன்ஹேகன்ல ஓலே ரோமர்னு ஒரு விஞ்ஞானியைப் பார்த்து, அவரோட அளவுகோல்ல இருந்துதான் இதை வளர்த்தெடுத்தார்.

கவனிங்க. மனுஷ உடம்பையே ஒரு அளவுப் புள்ளியா வச்ச அளவுகோல் இது.

7/
ஃபாரன்ஹீட் 1736-ல் இறந்த பிறகு அளவுகோலைக் கொஞ்சம் சரி பண்ணினாங்க. தண்ணீர் உறையறது 32, கொதிக்கிறது 212னு நிலையா வச்சாங்க. நடுவுல 180 பாகம். அப்படிப் பண்ணினதும் உடம்பு 96-ல் இருந்து கொஞ்சம் மேல நகர்ந்துடுச்சு.

இந்த 180-ஐ மனசுல வச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

8/
இப்ப செல்சியஸ். ஆண்டர்ஸ் செல்சியஸ் ஸ்வீடன் நாட்டு உப்சாலா நகரத்து வானியல் பேராசிரியர். 1742-ல் நூறு பாக அளவுகோல் ஒன்னைச் சொன்னார். ஆனா தலைகீழா! அவர் கணக்குல தண்ணீர் கொதிக்கிறது 0, உறையறது 100. அதாவது சூடு ஏற ஏற எண் குறையும்.

அவர் 1744-ல் 42 வயசுல காசநோயால இறந்துட்டார். அதுக்கப்புறம்தான் அளவுகோல் இன்னைக்கு நாம பார்க்கிற மாதிரி நேரா திரும்புச்சு. திருப்பினவங்கள்ல ஒருத்தரா லின்னேயஸைச் சொல்வாங்க. செடிகளுக்கு ரெட்டைப் பெயர் வைக்கிற முறையைக் கொண்டுவந்தாரே, அவர்தான். அவரும் ஒரு டாக்டர். பிரான்ஸ்ல லியோன் நகரத்துக் கிறிஸ்டின் என்பவரும் 1743-ல் தனியா இதே மாதிரி நேரான நூறு பாக அளவைக் கொண்டுவந்தார்.

9/
உறைநிலைக்கும் கொதிநிலைக்கும் நடுவுல ஒருத்தருக்கு 180 பாகம், இன்னொருத்தருக்கு 100 பாகம். 180-ஐ 100-ஆல வகுத்தா 1.8. பள்ளிக்கூடத்துல 9/5னு மனப்பாடம் பண்ணினோமே, அது இதுதான். கூட்டற 32 எங்கிருந்து வந்துச்சுன்னு இப்ப உங்களுக்கே தெரியும்.

செல்சியஸை 1.8-ஆல பெருக்கி 32 கூட்டினா ஃபாரன்ஹீட்.

10/
சரி, இது மெட்ராஸுக்கு எப்ப வந்துச்சு?

1776-ல் வில்லியம் ராக்ஸ்பர்க் என்கிற ஸ்காட்லாந்து இளைஞர் கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராஸ் மருத்துவப் பணியில உதவி சர்ஜனா சேர்ந்தார். கோட்டை ஆஸ்பத்திரில வேலை. தினம் மூணு வேளை தெர்மாமீட்டர், பாரோமீட்டர் பார்த்து நோட்டுல எழுதி வச்சார். அந்தக் குறிப்பு 1778-ல் ராயல் சொசைட்டி இதழ்ல அச்சாச்சு. ஃபாரன்ஹீட் எழுதின அதே இதழ், 54 வருஷம் கழிச்சு.

இந்த ராக்ஸ்பர்க்தான் பின்னாடி இந்தியத் தாவரவியலோட தந்தைன்னு பேர் வாங்கினார். ஆனா நம்ம ஊர் வெயிலை நாள் தவறாம எழுதி வச்ச ஆரம்ப காலத்து ஆட்கள்ல ஒருத்தர் ஒரு அரசாங்க டாக்டர்ங்கறதுல எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

11/
1792-ல் நுங்கம்பாக்கத்துல கம்பெனியோட வானியல் ஆய்வகம் எழுந்துச்சு. கோல்டிங்ஹாம் காலத்துல, 1796-ல் இருந்து, அங்கே வானிலைப் பதிவுகள் கிடைக்குது. இன்னைக்கு மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கிறதும் அதே நுங்கம்பாக்கம்தான். புயல் வந்தா டிவில பேட்டி வருதே, அதே இடம்.

இந்தப் பழைய பதிவுகள் எல்லாம் ஃபாரன்ஹீட்.

12/
இதுக்கு ஒரு அழகான தடயம் இருக்கு. சென்னை நுங்கம்பாக்கத்துல பதிவான மிகக் குறைஞ்ச வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ். தேதி 1895 டிசம்பர் 11.

13.9-ங்கறது என்ன எண்ணுன்னு தோணும். திருப்பிக் கணக்குப் போட்டுப் பாருங்க. சரியா 57 டிகிரி ஃபாரன்ஹீட் வரும். அன்னைக்குப் பார்த்தவர் எழுதினது முழு எண். நாம பின்னாடி மாத்தும்போது புள்ளி முளைச்சுடுச்சு.

மறுபக்கம், மிக அதிக வெப்பம் 2003 மே 31-ல், 45 டிகிரி செல்சியஸ். அது 113 ஃபாரன்ஹீட். இங்க செல்சியஸ்தான் முழு எண்.

13/
இதே புள்ளி விளையாட்டுதான் நம்ம உடம்புச் சூட்டுலயும் நடந்துச்சு. இது பலருக்குத் தெரியாத கதை.

ஜெர்மனி, லைப்சிக் நகரம். கார்ல் வுண்டர்லிஷ்னு ஒரு டாக்டர். சுமார் 25,000 நோயாளிகள்கிட்ட அக்குள்ல தெர்மாமீட்டர் வச்சு லட்சக்கணக்கான தடவை சூடு பார்த்தார். அந்தத் தெர்மாமீட்டர் கிட்டத்தட்ட ஒரு அடி நீளம். கால் மணி நேரம் வரைக்கும் வச்சிருக்கணும். 1868-ல் புத்தகமா வெளியிட்டார்.

14/
அவருக்கு முன்னாடி டாக்டருங்களுக்குக் காய்ச்சலே ஒரு நோய். இவர்தான், காய்ச்சல் நோய் இல்லை, பல நோய்களோட அறிகுறின்னு எண்களோட நிரூபிச்சார். எங்க வார்டுல கட்டில் காலடில தொங்கற டெம்பரேச்சர் சார்ட் அவர் வழி வந்த பழக்கம்.

அவர் சொன்ன ஆரோக்கிய உடம்புச் சூடு 37 டிகிரி செல்சியஸ். முழு எண். இங்கிலீஷ்ல மொழிபெயர்க்கும்போது 37-ஐ மாத்தினா 98.6. தசமம் வந்ததும் ஏதோ துல்லியமா அளந்த மாதிரி ஒரு தோற்றம். 98.5 இருந்தா குறை, 98.7 இருந்தா கூடன்னு ஜனங்க நம்ப ஆரம்பிச்சாங்க. அவர் சொன்னது "37 பக்கம்" என்பதுதான்.

15/
"எங்க தாத்தா நார்மல் 98.4னு சொல்வாரே"ன்னு சிலர் கேட்பீங்க. தாத்தா சொன்னதும் தப்பில்லை. பிரிட்டிஷ் தெர்மாமீட்டர்கள்ல 98.4-ல்தான் அம்புக்குறி இருக்கும். அமெரிக்காவுல 98.6. நாம பிரிட்டிஷ் வழி. அதான் பழைய டாக்டருங்க 98.4, கூகுள் 98.6.

16/
உண்மையில ரெண்டுமே கோடு இல்லை, பட்டை. 1992-ல் அமெரிக்காவுல மெக்கோவியாக் குழு 148 ஆரோக்கியமான ஆட்களை வாய்வழி அளந்து பார்த்தப்ப சராசரி 98.2தான் வந்துச்சு. காலையில குறைவு, சாயங்காலம் கூடுதல். ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் ஏறி இறங்கும்.

2020-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அமெரிக்கர்களோட ஒன்றரை நூற்றாண்டு பதிவுகளைப் பார்த்து, சராசரி உடம்புச் சூடு மெல்ல மெல்லக் குறைஞ்சுக்கிட்டே வந்திருக்குன்னு சொன்னாங்க.

அதனால 99-ஐப் பார்த்து நடுராத்திரி ஆட்டோ பிடிக்க வேண்டாம்.

17/
வுண்டர்லிஷோட ஒரு அடிக் கம்பியை வச்சுக்கிட்டு ஓ.பி. நடத்த முடியுமா? 1860-களின் நடுவுல இங்கிலாந்துல கிளிஃபோர்ட் ஆல்பட் என்கிற டாக்டர் ஆறு அங்குல தெர்மாமீட்டர் கொண்டுவந்தார். அஞ்சு நிமிஷத்துல காட்டும். சட்டைப் பையில போட்டுக்கலாம். அங்கிருந்துதான் அது டாக்டரோட அடையாளமாவே ஆச்சு.

பிரிட்டிஷ் டாக்டர், பிரிட்டிஷ் புத்தகம், பிரிட்டிஷ் தெர்மாமீட்டர். அப்ப பூந்தமல்லி ஐரோப்பியச் சிப்பாய்களைத் தங்க வைக்கிற ராணுவ டிப்போ. கப்பல்ல வந்து இறங்கின சிப்பாய்க்கு வெயிலும் காய்ச்சலும்தான் முதல் எதிரி. அந்த ராணுவ டாக்டர்கள் படிச்சதும் எழுதினதும் ஃபாரன்ஹீட்தான். நம்ம மருத்துவக் கல்லூரிகளுக்கும் அதுவே வந்துச்சு.

18/
அப்புறம் சுதந்திரம். இங்க நம்ம ஆவடி வருது.

1955 ஜனவரில ஆவடில நடந்த காங்கிரஸ் மாநாடு எல்லாருக்கும் தெரியும். சோஷலிச பாணிச் சமுதாயம்னு தீர்மானம் போட்டது அங்கதான். அதே 1955-ல்தான் நாணயத்தைத் தசமத்துக்கு மாத்தற சட்டத்திருத்தமும் வந்துச்சு. 1956-ல் எடை, அளவைத் தரச் சட்டம். 1957 ஏப்ரல் 1-ல் இருந்து ரூபாய்க்கு நூறு நயா பைசா. 1958 அக்டோபர்ல இருந்து படிப்படியா கிலோ, லிட்டர்.

அணா, வீசை, சேர், மைல் எல்லாம் ஒரு தலைமுறைக்குள்ள போயிடுச்சு. வானிலைத் துறையும் செல்சியஸுக்கு மாறிடுச்சு.

19/
போகாதவங்களும் இருக்காங்க. இன்னைக்கும் திருமுல்லைவாயல்ல மனை வாங்கினா கிரவுண்டு கணக்குதான், 2400 சதுர அடி. தங்கம் சவரன்தான். ஆள் உயரம் அடி, அங்குலம். டிவி இன்ச். இந்த வரிசையில காய்ச்சலும் வெயிலும் ஃபாரன்ஹீட்ல நின்னுடுச்சு.

காரணம் எளிமை. எடைக்கல்லை அரசாங்கம் மாத்த முடியும், கடையில சோதனை போட முடியும். அம்மா மனசுல இருக்கிற "நூத்தி ரெண்டு"ங்கற பயத்தை எந்த இன்ஸ்பெக்டர் வந்து மாத்துவார்? அந்த எண்ணோட உணர்வு கலந்திருக்கு.

20/
அதோட ஃபாரன்ஹீட்டுக்கு ஒரு வசதியும் உண்டு. ஒரு ஃபாரன்ஹீட் டிகிரிங்கறது செல்சியஸ்ல பாதியை விடக் கொஞ்சம்தான் கூட (0.56). அதனால 100, 101, 102, 103னு புள்ளி இல்லாமலே காய்ச்சலைச் சொல்லிடலாம். செல்சியஸ்ல 37.8, 38.3, 38.9, 39.4னு சொல்லணும். ஓ.பி.ல 200 பேர் நிக்கும்போது எது சுலபம்னு சொல்லுங்க.

பிரிட்டனே பின்னாடி மருத்துவத்துல செல்சியஸுக்குப் போயிடுச்சு. அவங்க கொடுத்துட்டுப் போனதை நாம விடாம வச்சிருக்கோம்.

21/
தெர்மாமீட்டர் வரலாறுன்னு பேசும்போது கொடைக்கானலைச் சொல்லாம போக முடியாது.

1980-களின் முதல் பாதியில அமெரிக்காவுல நியூயார்க் மாகாணத்துல இருந்த ஒரு பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலையைப் பெயர்த்துக் கொண்டுவந்து கொடைக்கானல்ல வச்சாங்க. முதல்ல பாண்ட்ஸ், பிறகு ஹிந்துஸ்தான் லீவர் கைக்குப் போச்சு. உலகத்துக்கே காய்ச்சல் பார்க்கிற கருவி நம்ம மலையில இருந்து ஏற்றுமதி.

22/
2001-ல் ஊருக்குள்ள ஒரு பழைய இரும்புக் கடையில பாதரசம் கலந்த உடைஞ்ச கண்ணாடி டன் கணக்குல கிடக்கிறதை ஊர் மக்கள் கண்டுபிடிச்சாங்க. போராட்டம் நடந்துச்சு. அந்த வருஷமே ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு நிறுவனத்தோட உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆச்சு.

பாதரசத்தைக் குறைக்கிற மினமாட்டா உடன்படிக்கை 2013-ல் வந்துச்சு. இந்தியா 2018-ல் ஏத்துக்கிச்சு. அதனாலதான் கண்ணாடித் தெர்மாமீட்டர் போய் டிஜிட்டல் வந்துக்கிட்டிருக்கு. வீட்டுல பழையது உடைஞ்சா துடைப்பத்தால பெருக்காதீங்க, கையால தொடாதீங்க. ஜன்னலைத் திறந்து, அட்டையால கூட்டி, மூடி போட்ட டப்பாவுல எடுங்க. குழந்தைகளை அந்த அறைக்குள்ள விடாதீங்க.

23/
இப்ப ஆபத்துக்கு வர்றேன். பழைய கண்ணாடிக்குழாய்ல ரெண்டு பக்கமும் எண் இருக்கும். எப்படிப் பார்த்தாலும் 100 எங்கன்னு கண்ணு தேடிடும். டிஜிட்டல்ல ஒரே ஒரு எண்தான் தெரியும். சில கருவிகள் டப்பாவுல இருந்து வரும்போதே செல்சியஸ்ல இருக்கும். பட்டனைக் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சாலும் சிலது மாறிடும்.

24/
எங்க நைட் ட்யூட்டில ஒரு நாள் விடிகாலை ஒரு அம்மா ரெண்டு மாசக் கைக்குழந்தையோட வந்தாங்க. பால் குடிக்கல, சோர்வா இருக்கு.

"எப்பம்மா இருந்து சூடு?"

"சூடு இல்ல டாக்டர். நேத்து சாயங்காலம் இருந்து பார்த்துக்கிட்டே இருக்கேன். 38, 38 அரைதான் காட்டுது. நூறு வந்தாத்தானே காய்ச்சல்? ரொம்ப கம்மியா இருக்குன்னு போர்த்தி வச்சேன்."

38.5 செல்சியஸ்னா 101.3 ஃபாரன்ஹீட். ரெண்டு மாசக் குழந்தைக்கு அது அவசரம். உடனே சேர்த்து, ரத்தப் பரிசோதனைக்கு எடுத்து, ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சோம். குழந்தை பிழைச்சு வீட்டுக்குப் போச்சு. ஆனா ஒரு ராத்திரி வீணாப் போயிடுச்சு.

25/
அந்த அம்மா மேல தப்பே இல்லை. ராத்திரி பூரா கண் முழிச்சு, கருவி வச்சு, எண்ணைப் பார்த்து முடிவெடுத்தவங்க அவங்க. கருவி ஒரு மொழி பேசுச்சு, அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இன்னொரு மொழி. கருவியை வித்தவங்களும் சொல்லல, நாங்களும் பிரசவ வார்டுல இருந்து அனுப்பும்போது சொல்ற பட்டியல்ல இது இல்லாம இருந்துச்சு. இப்ப எங்க வார்டுல சொல்றோம்.

26/
மறுபக்கமும் ஆபத்து உண்டு. பச்சிளம் குழந்தை குளிர்ந்து போறது.

பிறந்த குழந்தையோட சூடு 36.5 முதல் 37.5 செல்சியஸ் வரை இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது (97.7 முதல் 99.5 ஃபாரன்ஹீட்). 36-க்குக் கீழ போனா மிதமான குளிர்ச்சி, 32-க்குக் கீழ கடுமையான குளிர்ச்சி. சாதாரணக் கண்ணாடித் தெர்மாமீட்டர் 94 ஃபாரன்ஹீட்லதான் ஆரம்பிக்கும், அதாவது 34.4 செல்சியஸ். அதுக்குக் கீழ குழந்தை எவ்வளவு குளிர்ந்தாலும் அந்தக் கருவிக்குத் தெரியாது. அதனாலதான் பச்சிளம் குழந்தை வார்டுல குறைஞ்ச அளவு காட்டற தனிக் கருவி வச்சிருக்கோம், செல்சியஸ்ல.

27/
இன்னொரு குழப்பம் வித்தியாசக் கணக்கு. இது படிச்சவங்களே சறுக்கற இடம்.

"நாளை வெப்பநிலை 3 டிகிரி செல்சியஸ் கூடும்"னா ஃபாரன்ஹீட்ல எவ்வளவு? 3-ஐ 1.8-ஆல பெருக்கி 32 கூட்டி 37.4னு சொல்லிடக்கூடாது. 32-ங்கறது ஆரம்பப் புள்ளியோட வித்தியாசம். ஏற்ற இறக்கத்துக்கு 1.8 மட்டும் போதும். 5.4 டிகிரி ஃபாரன்ஹீட்.

உலகம் 1.5 டிகிரி சூடாகுதுன்னு படிக்கிறோமே, அது 2.7 ஃபாரன்ஹீட். உடம்புக் கணக்குல சொல்றேன்: 98.6-க்கு மேல 2.7 ஏறினா 101.3. பூமிக்கு இதே எண்ணை வச்சுப் பாருங்க.

28/
அதே மாதிரி "20 டிகிரியை விட 40 டிகிரி ரெண்டு மடங்கு சூடு"ன்னு சொல்றதும் தப்பு. அதே ரெண்டையும் ஃபாரன்ஹீட்ல எழுதினா 68, 104. ரெண்டு மடங்கு எங்க போச்சு?

செல்சியஸோட பூஜ்யமும் ஃபாரன்ஹீட்டோட பூஜ்யமும் மனுஷன் வசதிக்கு வச்சது. மடங்கு சொல்லணும்னா உண்மையான பூஜ்யத்துல இருந்து எண்ணற கெல்வின் வேணும். அதுல 20ங்கறது 293, 40ங்கறது 313. அவ்வளவுதான் வித்தியாசம்.

29/
சரி, வெயில் சதத்துக்குத் திரும்புவோம். நான் இதைக் கிண்டல் பண்ண மாட்டேன். ஏன்னா அந்த 100-க்கு உடலியல் அர்த்தம் ஒன்னு தற்செயலா அமைஞ்சிருக்கு.

100 ஃபாரன்ஹீட் = 37.8 செல்சியஸ். நம்ம உடம்பு 37. அதாவது சதம் அடிச்ச நாள்ல வெளிக்காத்து உங்க உடம்பை விடச் சூடு.

30/
சாதாரண நாள்ல உடம்பு தன் சூட்டைச் சுத்தி இருக்கிற காத்துக்குக் கொடுக்கும். காத்து தோலை விடச் சூடாயிட்டா அந்த வழி அடைஞ்சுடும். திரும்ப உள்ள வாங்க ஆரம்பிக்கும். மிச்சம் ஒரே வழி வியர்வை ஆவியாகறது. சென்னைக் காத்துல ஈரப்பதம் அதிகம். வியர்வை வழியும், ஆவியாகாது. வழியற வியர்வை குளிர்விக்காது.

அதனால வேலூர் 40-ஐயும் நம்ம பக்கத்து 37-ஐயும் எண்ணை மட்டும் வச்சு ஒப்பிடாதீங்க.

31/
மேற்குப் புறநகருக்கு இன்னொரு சங்கடம். கடல்காத்து மெரினாவுல மதியமே எட்டிப் பார்க்கும். அம்பத்தூர் தாண்டி ஆவடி, பூந்தமல்லி வந்து சேர நேரமாகும். சில நாள் வராமலே போகும்.

இன்னொன்னு: வானிலை மையம் சொல்ற சூடு, காத்தோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள்ள, நிழல்ல அளந்தது. தகரக் கொட்டகைக்கு அடியில, ஃபர்னஸ் பக்கத்துல நிக்கிறவருக்கு அந்த எண் பொருந்தாது. அவர் இருக்கிற இடம் அதை விடச் சூடு.

32/
கடலோரப் பகுதிக்கு வெப்ப அலை அறிவிக்க 37 செல்சியஸைத் தொடணும், இயல்பை விட 4.5 டிகிரியாவது கூட இருக்கணும். சமவெளிக்கு 40. இந்த 4.5-ஐ ஃபாரன்ஹீட்ல சொன்னா 8.1. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபர்ல வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சிருக்கு. ஆக இது வெறும் ஸ்கோர் இல்லை.

33/
உடம்பு 40 செல்சியஸ், அதாவது 104 ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, ஆள் உளறினாலோ மயங்கினாலோ, அது வெப்பத் தாக்குதலா இருக்கலாம். பாராசிட்டமால் இதுக்கு வேலை செய்யாது. ஏன்னா இது கிருமிக் காய்ச்சல் இல்லை. நிழலுக்குக் கொண்டு போங்க, துணியைத் தளர்த்துங்க, உடம்பு பூரா தண்ணீர் ஊத்தி விசிறுங்க, 108-க்குப் போன் பண்ணுங்க. மயக்கத்துல இருக்கிறவர் வாயில தண்ணீர் ஊத்தாதீங்க.

34/
மனக்கணக்குக்கு ஒரு வழி. செல்சியஸை ரெண்டால பெருக்குங்க. வந்ததுல பத்துல ஒரு பங்கைக் கழிங்க. 32 கூட்டுங்க.

38 → 76 → 7.6 கழிச்சா 68.4 → 100.4.

ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிக்க:
35 = 95
36.5 = 97.7
37 = 98.6
38 = 100.4
39 = 102.2
40 = 104
41 = 105.8

35-95, 40-104, 45-113. அஞ்சு ஏறினா ஒன்பது ஏறும். இந்த ஒரு வரி போதும்.

35/
கடைசியா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போக:

• டிஜிட்டல் தெர்மாமீட்டர்ல எண்ணுக்குப் பக்கத்துல இருக்கிற எழுத்தைப் பாருங்க. எந்த அளவுல இருக்குன்னு தெரிஞ்சுக்காம முடிவெடுக்காதீங்க.
• டாக்டர்கிட்ட எண்ணோட அளவையும் சொல்லுங்க. அக்குளா, வாயான்னும் சொல்லுங்க. அக்குள்ல கொஞ்சம் குறைவாத்தான் காட்டும். நீங்களா ஒன்னு கூட்டிச் சொல்ல வேண்டாம்.
• மூணு மாசத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 செல்சியஸ் அல்லது 100.4 ஃபாரன்ஹீட் வந்தா நேரம் பார்க்காம ஆஸ்பத்திரிக்கு வாங்க. 36.5-க்கு (97.7) கீழ போனா நெஞ்சோட அணைச்சுப் போர்த்திக்கிட்டு வாங்க.
• டெங்கு நேரத்துல காய்ச்சல் இறங்கினதும் நிம்மதியாயிடாதீங்க. இறங்கற சமயம்தான் கவனிக்க வேண்டிய சமயம். வயித்துவலி, தொடர் வாந்தி, ரத்தக்கசிவு, சோர்வு இருந்தா உடனே வரணும்.

36/
செல்சியஸ் நல்லதா, ஃபாரன்ஹீட் நல்லதான்னு கேட்டா, ரெண்டும் ஒரே சூட்டோட ரெண்டு பேர். ஊர் ஒன்னா பேசினா எதுவும் நல்லதுதான். நாம ரெண்டு பேசறோம். ரெண்டு பேசற வீட்டுல பிள்ளைகளுக்கு ரெண்டும் சொல்லிக் கொடுக்கணும், அவ்வளவுதான்.

புதுசா குழந்தை பெத்தவங்க யாராவது உங்க குடும்பத்துல இருந்தா இந்தப் பதிவுல 34, 35 ரெண்டையாவது அனுப்பி வைங்க. உங்க வீட்டுத் தெர்மாமீட்டர் எந்த அளவுல இருக்குன்னு இப்பவே ஒரு தடவை எடுத்துப் பார்த்துடுங்க.